எண்ணிக்கை தெரியாத நோன்புகள்

நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டவர்களின் வாயிலிருந்து நேரே கேட்டவற்றையும், இன்றும் கையில் எடுத்துக் காட்டக்கூடியவற்றையும் மட்டுமே இதில் எழுதுகிறேன். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன். என் நினைவில் மட்டும் இருந்து, வேறெவரும் உறுதிப்படுத்தாதவற்றில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். அங்கே அதைச் சொல்லியும் இருக்கிறேன். இவ்வளவு கண்டிப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இறந்தவரைப் பற்றி எழுதும்போது கை தானாகவே அழகுபடுத்தத் தொடங்கும். திருத்திச் சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லை. மற்றக் காரணம், நான் தேடிக்கொண்டிருப்பது ஓர் எண். என் மனைவி இறந்து ஓராண்டு கடந்துவிட்டது. ரமழானில் அவளுக்குத் தவறிப்போய், பின்னர் நோற்றுத் தீர்க்க வேண்டியிருந்த நோன்புகளில் எத்தனை மீதியிருந்தன என்பதை நான் அறிய வேண்டும். அவற்றை அவளுக்காக நோற்க வேண்டியவன் நான்.

எங்கள் ஊரில் சனவரி முதலாம் நாளை எவரும் கொண்டாடுவதில்லை. முஹர்ரம் பிறையோடு வரும் ஆண்டுப் பிறப்பும் அமைதியாகவே கடந்துபோகும். சித்திரையில் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கும் ஆண்டு பிறக்கும். ஆனால் ஆசிரியன் வீட்டில் சனவரிதான் ஆண்டின் தலை. புதிய வகுப்பு, புதிய கொப்பிகள், புதிய நாட்காட்டி. அண்மைக் காலத்தில் பாடசாலைத் தவணைகள் முன்னும் பின்னுமாக நகர்ந்தபோதும் நான் என் வழக்கத்தை நகர்த்தவில்லை.

அந்த வழக்கம் இது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடித்து வந்ததும் புதிய நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் அவ்வாண்டுக்குரிய என் நிய்யத்துகளை எழுதுவேன். தொழுகைக்கும் நோன்புக்கும் முன்னே மனத்தில் கொள்ளும் உறுதியைத்தான் நாங்கள் நிய்யத்து என்போம். அச்சொல்லையே ஆண்டுக்கும் எடுத்துக்கொண்டேன். காலை உணவுக்குப் பின் முன்மண்டபத்தில் அமர்ந்து அதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவேன். சொற்களைத் தேர்ந்து, வாக்கியங்களை நிறுத்து எழுதியிருப்பேன். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். மனைவி சமையலறை வாசலில், கையில் ஏதாவது ஒரு வேலையோடு நின்று கேட்பாள்.

"இவ்வாண்டு சினம் தவிர்ப்பேன்" என்று ஒருமுறை வாசித்தேன்.

"அப்ப இண்டைக்குப் புட்டு கொஞ்சம் வேகல்ல. சொல்லிட்டன்" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புட்டு உண்மையில் வேகாமல்தான் இருந்தது.

வாசித்து முடித்ததும் ஒவ்வோர் ஆண்டும் அவளைக் கேட்பேன்: "உன்னுடையது என்ன?"

"எனக்கென்ன நிய்யத்து? ஒங்கட நிய்யத்துக்கெல்லாம் சோறாக்கிப் போடுறதுக்கு ஒரு ஆள் வேணுமே, அதுதான்."

சொற்கள் சற்று மாறும், விடை மாறாது. அதை நான் ஆசிரியர் அறையிலும் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்ட விடை. அதை ஒரு விடை என்றே நான் எண்ணியிருந்தேன்.

அன்றைய நாளின் அடுத்த வேலை, பழைய நாட்காட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுவது. கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் கொடுக்கும் பெரிய, வழுவழுப்பான தாள்களில் அச்சிட்ட நாட்காட்டிகள் அவை. அத்தாள்களை வீணாக்காமல் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் புத்தகங்களுக்கும் உறை போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். அச்சுப் பக்கம் உள்ளே போகும். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும். அந்த வெள்ளையில் பெயரும் வகுப்பும் எழுதுவோம். உறை போடுவதில் நான் வல்லவன். மூலைகள் கூர்மையாக மடிய வேண்டும். பசை வெளியே தெரியக் கூடாது.

மனைவி சில ஆண்டுகளில், "கொஞ்சம் பொறுங்களன், நாளைக்குக் கழத்தலாம்" என்று சொன்னது நினைவிருக்கிறது. இதை மூத்த மகளும் உறுதிப்படுத்துகிறாள். "கழிந்த ஆண்டு ஒருநாள்கூடச் சுவரில் தொங்கக் கூடாது" என்பது என் மறுமொழி. கத்தரிக்கோல் முன்பே ஆயத்தமாக இருக்கும்.

நாட்காட்டியின் நாட்கட்டங்களில் அங்கங்கே புள்ளிகள் இருக்கும். ஒருமுறை கேட்டேன்.

"இது என்ன புள்ளி?"

"ஒண்டுமில்ல. பேனை எழுதுதா எண்டு பாத்த."

"பேனையைச் சோதிக்க வேறு தாள் இல்லையா? நாட்காட்டியில் கிறுக்கக் கூடாது" என்றேன். அதற்குப் பிறகு புள்ளிகளை நான் கண்டதாக நினைவில்லை. அவை இருந்தன என்பதற்கு இப்போது சான்று கிடைத்திருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவள் இறந்தது மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. நண்பகல் தாண்டியிருந்தது. எங்களோடு இருக்கும் மகள் தன் பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தாள். நான் முன்மண்டபத்தில் இருந்தேன். சமையலறையில் தேங்காய் துருவும் ஓசை நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். நிலத்தில், சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது.

குவளையில் தண்ணீர் எடுத்துவந்து வாயருகே வைத்தேன். உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"வாயைத் திற புள்ள. கொஞ்சம் குடி."

வலக்கையை உயர்த்தி என் மணிக்கட்டில் வைத்தாள். சோர்வினால் பற்றிக்கொள்கிறாள் என்று எண்ணினேன். குவளையைச் சாய்த்தேன். தண்ணீர் தாடை வழியே இறங்கிச் சட்டையின் கழுத்தை நனைத்தது. உள்ளே எவ்வளவு போயிற்று என்று பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கர வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இளம் மருத்துவர் ஒருவர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அவற்றில் ஒன்று, காலையில் சாப்பிட்டாரா என்பது.

"ஓம்" என்றேன்.

அன்று நான் சொன்னவற்றுள் விடை தெரியாமலே உறுதியாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டதென்றும், என் விடை எதுவாக இருந்திருந்தாலும் எதுவும் மாறியிராது என்றும் அதே மருத்துவர் பின்னர் சொன்னார். அதை நம்புகிறேன். மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் அவள் மூச்சு நின்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். குழிக்குள் மழைநீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்துவிட்டு இறக்கினோம்.

ஒன்பது நாட்கள் கழித்து ஆண்டு பிறந்தது. நாட்குறிப்பு மேசையில் இருந்தது, திறக்கவில்லை. பழைய நாட்காட்டி சுவரில் இருந்தது, கழற்றவில்லை. முற்பகலில் மனைவியின் தங்கை சோறும் கறியும் கொண்டுவந்தாள். இவளும் என் மகள் போலத்தான். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான்; நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இவள் பாடசாலைச் சிறுமி.

சோற்றை மூடி வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"மச்சான், ராத்தாட களா நோம்ப என்ன செய்யப் போறீங்க?"

ராத்தா என்றது தன் அக்காவை, என் மனைவியை; தவறிய நோன்பைப் பிந்தி நோற்பதைத்தான் களா என்போம். "எந்தக் களா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "தெரியாதா ஒங்களுக்கு? திங்களும் வியாழனும் புடிச்சிட்டுத்தானே இருந்தா. எத்தின வருஷமா!"

"இந்த வீட்டிலா?"

"பின்ன எந்த வீட்டில?"

அவளே தொடர்ந்தாள். மூன்று பிள்ளைகளைச் சுமந்த காலம், பால் கொடுத்த காலம், அதோடு பெண்களுக்கு மாதந்தோறும் விலக்கான நாட்கள் என்று பல ரமழான்களில் விட்டுப்போனவை. முதலில் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததால் தள்ளிப்போயிற்று. பிறகு தலைச்சுற்று. பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சில சேர்ந்தன. "ஒவ்வொரு சனவரியும் என்னட்டச் சொல்லுவா, 'தங்கச்சி, இந்த வருஷத்தோட எப்பிடியும் முடிச்சிரணும்' எண்டு."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னவ. ஒருக்காச் சொன்னவ."

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன். மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்த ஆண்டு. அந்தச் சனவரி முதலாம் நாளும் நான் வாசித்து முடித்து, உன்னுடையது என்ன என்று கேட்டிருக்கிறேன். அன்று என் மனைவி விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. களா நோன்பு முழுவதையும் இந்த ஆண்டு பிடித்து முடிக்க வேண்டும் என்றிருக்கிறாள்.

"நீங்க கேட்டீங்க, எத்தின எண்டு. ராத்தா சொன்னா, சரியாத் தெரியா, முப்பது நாப்பது வரும் எண்டு. அதுக்கு நீங்க சொன்னீங்களே ஒண்டு..."

"என்ன சொன்னேன்?"

"'எண்ணிக்கை தெரியாத ஒன்றை நிய்யத்து என்று சொல்லாதே, அதற்குப் பெயர் ஆசை.' இப்பிடியேதான் சொன்னீங்க, கொப்பில எழுதின மாதிரி. எங்கட வாப்பாவும் சிரிச்ச. நானும் சிரிச்ச. ராத்தாவும் சிரிச்சிட்டுத்தான் குசினிக்குள்ள போனா."

எனக்கு இது நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. சிரித்த மாமனாரும் இப்போது இல்லை; எஞ்சிய ஒரே சாட்சி இவள், இவளும் அப்போது பதினொரு வயதுச் சிறுமி. என் நினைவோடு ஒத்துப்போகாததால், நான் முதலில் விதித்துக்கொண்ட நெறியின்படி இதை விட்டுவிட வேண்டும். விட முடியவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்ட கணத்தில் அதை அடையாளம் கண்டேன். முதற்பகுதியில் விலக்கு, இடையில் ஒரு நிறுத்தம், பிற்பகுதியில் தீர்ப்பு. அக்காலத்தில் அந்த வீட்டில் பேசும்போதும் எழுத்து நடையைக் கைவிடாதவன் நான் ஒருவனே. வேறெவரும் அப்படி ஒரு வாக்கியத்தைக் கட்டியிருக்க முடியாது. கையெழுத்தை ஒப்புக்கொள்வதுபோல் அதை ஒப்புக்கொண்டேன்.

"மறுகா ஒருநாளும் ஒங்களுக்குச் சொல்லல்ல. எண்ணி முடிச்சிட்டுச் சொல்லுவன் எண்டவ" என்றாள் தங்கை. பிறகு, "சோறு ஆறுது, மச்சான்" என்றாள்.

அவள் போன பின்பு என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நண்பகலில் அவள் கை என்னைப் பற்றிக்கொள்ளவில்லை, தடுத்தது என்று எழுத நெஞ்சு துடிக்கிறது. அதற்குச் சான்றில்லை. அது வியாழக்கிழமை என்பதற்கு மட்டுமே சான்றுண்டு.

ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், ஒருவர் வாரத்தில் இருநாள் நோன்பு நோற்பதை மற்றவர் பல ஆண்டுகள் அறியாமலிருப்பது எப்படி என்று வாசிப்பவர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பாடசாலை நாட்களில் பிற்பகல் வரை நான் வீட்டில் இல்லை. ஓய்வு பெற்ற பின்பும் என் உணவு பகல் ஒரு மணிக்கு மேசையில் இருக்கும், நான் உண்பேன், எல்லாரும் உண்டு முடித்த பின்பே அவள் உண்பாள் என்பது நடைமுறை. அவள் உண்பதை நான் இருந்து பார்த்ததில்லை. மஃரிபுத் தொழுகைக்கு நான் பள்ளிவாசலில் இருப்பேன். அவள் நோன்பு திறப்பது அப்போதுதான். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் குடிப்பாள். தாகம் என்று எண்ணினேன். "நீ குடிக்கவில்லையா?" என்று கேட்டால் "அப்பவே குடிச்சிட்டன்" என்பாள். விடியுமுன் குடித்ததையும் 'அப்பவே' என்ற சொல் தாங்கும். அவள் பொய் சொல்லவில்லை.

தங்கைக்கு எண்ணிக்கை தெரியாது. "ராத்தா கலண்டர்ல புள்ளி வெப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பிற்பகலே மகளை அழைத்து அலுமாரிகளைத் திறந்தேன். கழிந்த ஆண்டின் நாட்காட்டி சுவரில் முழுமையாக இருந்தது; அதில் முப்பத்தொரு புள்ளிகள். பென்சிலால் வைத்தவை. கட்டத்தின் கீழ் மூலையில், அச்சுப் பிழையோ என்று ஐயுறத்தக்க அளவு சிறியவை. இறந்த அந்த வியாழனில் புள்ளி இல்லை. நோன்பு திறந்த பிறகே வைப்பாள் என்று தங்கை சொன்னாள். ஆகவே அது எதையும் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுகளை நான் வெட்டி உறை போட்டுவிட்டேன். அந்தக் கொப்பிகளில் பெரும்பாலானவை பழைய தாளோடு தாளாக எடைக்குப் போய்விட்டன. ஆழிப்பேரலையாய்க் கடல் ஊருக்குள் வந்த ஆண்டுக்கு முந்தியவை எதுவும் இல்லை. அலுமாரியின் கீழ்த்தட்டுகள் அன்றைக்கே வெறுமையாகிவிட்டன. எஞ்சியவை பேரப்பிள்ளைகளின் சில பாடப்புத்தகங்கள், மகன் வைத்துப்போன ஒரு கணிதக் கொப்பி, இப்படிச் சில. உறைகளை மழுங்கிய கத்தியால் மெல்லப் பிரித்தேன். நான் ஒட்டியவை, எளிதில் பிரியவில்லை. மொத்தம் ஏழு தாள்கள் கிடைத்தன. எதுவும் ஓர் ஆண்டு முழுவதற்கானதல்ல. பெப்ரவரி ஒன்று, அடிப்பாதி வெட்டுண்ட யூன் ஒன்று, இப்படி. மிகப் பழைய தாளில் புள்ளிகள் நீலப் பேனையால் வைத்தவை, பெரியவை. மற்ற ஆறிலும் பென்சில். கிறுக்கக் கூடாது என்று நான் சொன்னது இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்திருக்க வேண்டும்.

ஏழு தாள்களிலும் இருபத்து மூன்று புள்ளிகள். பத்தொன்பது, திங்களிலும் வியாழனிலும். நான்கு, வேறு நாட்களில்.

"இது நோம்பில்ல வாப்பா" என்று மகள் இரண்டைத் தொட்டுக் காட்டினாள். "காஸ் சிலிண்டர் மாத்தின நாள். உம்மா அதுக்கும் புள்ளி வெப்பா. எவ்வளவு நாளைக்கு வருது எண்டு பாக்க."

"அப்படியானால் திங்கட்கிழமையில் சிலிண்டர் மாற்றியிருந்தால்?"

மகள் தாளைக் கையில் எடுத்தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில், என் கையெழுத்தில், அவள் மகனின் பெயரும் வகுப்பும் அழகாக எழுதப்பட்டிருந்தன. சற்று நேரத்தில் அழத் தொடங்கினாள். நான் மூலைகள் மடிந்திருந்த கோடுகளை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைகளில் பாண்டிருப்பிலிருந்து கீரை கொண்டுவரும் பெண்மணி ஒருவர் உண்டு. மனைவியோடு வாசற்படலையடியில் நின்று நெடுநேரம் கதைப்பவர். அவரிடமும் கேட்டேன், கேட்கும்போது நான் தாழ்ந்த குரலில் பேசினேன் என்பது நினைவிருக்கிறது.

"அக்காட நோம்போ? தெரியாம என்ன சேர். எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தருவா, தான் தொடமாட்டா. கார்த்திகைத் திங்களில எனக்கும் விரதம். அப்ப ரெண்டு பேரும் வெறும் வாயோட நிண்டு கதைப்பம். 'நீயும் பட்டினி, நானும் பட்டினி, இந்தக் கீரையை ஆட்டுக்காவது போடு கா' எண்டு சிரிப்பா."

"எத்தனை திங்கள் இருக்கும்?"

"ஐயோ சேர், அதை ஆர் எண்ணுற?"

கீரைக்கட்டைப் படலையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். என் வீட்டு நோன்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிவாசல் இமாமிடம் போனேன். என்னைவிட மிக இளையவர், நிதானமானவர். இறந்தவருக்காக அவருடைய உறவினர் நோன்பு நோற்கலாம், அல்லது ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம், இரண்டுமே கூடும் என்றார். எத்தனை என்று கேட்டார். தெரியாது என்றேன். ஏழு தாள்களையும் ஓர் உறையிலிட்டுக் கொண்டுபோயிருந்தேன், எடுத்துக் காட்டினேன். அவர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இதில நோற்ற நோன்புதான் இருக்கு, சேர். நோற்க வேண்டியது எத்தனை எண்டு இதில இல்ல."

உண்மை. அவ்வளவு தேடியும் அதை நான் கவனிக்கவில்லை. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதற்கு முதலெண்ணே என்னிடம் இல்லை.

"பேணுதலா ஒரு கணக்கு வைங்க. கூடினாலும் பறவாயில்ல, குறையாமப் பாருங்க."

"கூடியதா குறைந்ததா என்பதை எதனோடு ஒப்பிட்டு அறிவது?"

அவர் தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "சேர், அது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியணும் எண்டு எந்தச் சட்டமும் இல்ல."

வீடு வரும் வழி முழுவதும் அந்த ஒற்றைச் சொற்றொடரோடு சண்டையிட்டுக்கொண்டு வந்தேன். சொல்லளவில் அதில் குற்றம் காண முடியவில்லை. ஒரு பெண் முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் முன்மண்டபத்தில் நின்று, சரியாகத் தெரியாது, முப்பது நாற்பது வரும் என்று சொன்னபோது, இவரைப் போன்ற ஒருவர் அங்கே இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். அங்கே நான் இருந்தேன்.

அந்த வாரத்து வியாழனில் தொடங்கினேன். நோன்பின் நிய்யத்தை விடியுமுன் மனத்தில் கொள்ள வேண்டும். என் மனைவிக்காக, அவளுக்குத் தவறிய நோன்புகளில் ஒன்றை நாளை நோற்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். எத்தனையாவது என்ற இடம் வெறுமையாக நின்றது. நான் யாருக்கும் சொல்லவில்லை. அவள் மறைத்ததுபோல் மறைத்துப் பார்ப்போம் என்றிருந்தேன்.

காலை எட்டு மணிக்கு மகள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். "வாப்பா, தேத்தண்ணி அப்பிடியே இருக்கு. நோம்பா?"

ஒரு காலைப்பொழுதுகூட என்னால் மறைக்க இயலவில்லை. நான் குடித்தேனா என்று பார்க்க அந்த வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தார். அவள் குடித்தாளா என்று எவரும் பார்க்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அது எளிதாக இருந்தது.

பகல் நீளமாக இருந்தது. பிற்பகல் நான்கு மணியளவில் தலை கனத்தது, எழுத்துகள் அலைந்தன. அவள் இந்த நான்கு மணியில் எனக்கு இரண்டாம் தேநீர் ஊற்றித் தந்திருக்கிறாள். சீனி போதுமா என்று நாவில் வைத்துப் பார்க்காமலே தந்திருக்கிறாள். சில நாட்களில் சீனி குறைந்திருந்தது என்று நான் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாட்கள் அப்படிச் சொன்னேன் என்பதையும் எவரும் எண்ணி வைக்கவில்லை. மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குப் போகாமல் சமையலறையில் அமர்ந்து ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்மண்டபம் முழுவதும் தெரிகிறது என்பதை அன்றுதான் கண்டேன். மண்டபத்திலிருந்து சமையலறைக்குள் எதுவும் தெரியாது.

ஓராண்டு இப்படிப் போயிற்று. நோயில் கிடந்த சில வாரங்கள் தவிர, ரமழானும் பெருநாட்களும் நீங்கலாக, திங்களும் வியாழனும் நோற்றேன். பிள்ளைகள் மூவரும் தங்களால் இயன்றவற்றை நோற்றார்கள். இறுதியில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும்படி மகன் தொலைபேசியில் வற்புறுத்தினான்: "நூறு எண்டு வைங்க வாப்பா. நூத்தைம்பது எண்டு வைங்க. ஏதாவது ஒண்டு வெச்சாத்தானே மனசு ஆறும்." அவன் சொன்னது நியாயம். ஆனால் அது என் எண்ணாக இருக்கும், அவளுடையதாக இராது. ஒருமுறை அவளிடம் நான் எண்ணிக்கை கேட்டேன். அவளிடம் இருந்தவை தோராயமான ஒரு கணக்கும் முழுமையான ஒரு மனமும். இரண்டையும் நான் ஏற்கவில்லை. இப்போது என் வசதிக்காக ஓர் எண்ணை எழுதி, இதுதான் உன் கணக்கு என்று அவள் பக்கத்தில் வைக்க எனக்கு உரிமையில்லை.

இவ்வாண்டு சனவரி முதலாம் நாளும் மழையோடுதான் விடிந்தது. பேரப்பிள்ளைகள் முன்மண்டபத்துக்கு வந்து நின்றார்கள். வாசிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: திங்களும் வியாழனும், இயலும்வரை. அதை வாசித்துக் காட்டவில்லை. யாரிடமும் உன்னுடையது என்ன என்று கேட்கவும் இல்லை. பேரன் தானாகவே, தான் இந்த ஆண்டு மரத்தில் ஏறமாட்டேன் என்றான். எத்தனை நாளைக்கு என்று வாய்வரை வந்தது. "நல்லது" என்றேன்.

உறுதியாகத் தெரிந்தவற்றை எழுதிவிட்டேன். என் மனைவி எத்தனை நோன்புகளைத் தவறவிட்டாள் என்பது தெரியாது. எத்தனையை நோற்று முடித்தாள் என்பது தெரியாது. எல்லாவற்றையும் எப்போதோ முடித்துவிட்டு, பழக்கம் விடாமல் மேலதிகமாக நோற்றுக்கொண்டிருந்தாளா என்பதும் தெரியாது. நான் நோற்பவற்றில் எதுவரை அவளுக்கு வேண்டியிருந்தது, எதற்குப் பின் வேண்டியிருக்கவில்லை என்பதை அறிய வழியில்லை. மீதி எத்தனை என்பது அவளுக்கே தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.